உடலுக்குள் ஓடும் வடிகால்கள்

தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி இப்பகுதிக்கு எழுதியிருக்கிறார். மார்பகத்தில் தோன்றிய புற்றுக்கட்டிக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். நோய் நீங்கியது என்று வீட்டார் அனைவரும் மகிழ்ந்திருந்த வேளையில், அறுவை நடந்த பக்கத்துக் கை மெல்ல மெல்ல வீங்கத் தொடங்கியது. முதலில் வளையல் ஏறவில்லை. பின்னர் ரவிக்கையின் கைப்பகுதி இறுகியது. "யானைக்கால் நோய் கையில் வந்துவிட்டது" என்று அக்கம்பக்கத்தார் பேச, வீட்டிலேயே சிலர் அவருக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் ஒதுக்கிவிட்டனர். பேரக் குழந்தையைத் தூக்கவும் அவர் இப்போது தயங்குகிறார். "இது தொற்றுமா? நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் வற்றிவிடுமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

தொற்றாது, மாத்திரையால் வற்றாது. விடை இவ்வளவுதான். ஆயினும் ஏன் தொற்றாது, ஏன் வற்றாது என்பதை அறிந்துகொண்டால்தான் அந்தத் தனித் தட்டு அவ்வீட்டை விட்டு அகலும். அதற்கு, நம் உடலில் அதிகம் பேசப்படாத ஓர் அமைப்பைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நிணநீர் நாளங்கள் என்பது அதன் பெயர்.

கசிவும் வடிவும்

நிலத்துக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் எவ்வளவு இன்றியமையாததோ, மிகுந்த நீரை வெளியேற்றும் வடிகாலும் அவ்வளவு இன்றியமையாதது. வாய்க்கால் இல்லையேல் பயிர் காயும். வடிகால் இல்லையேல் பயிர் அழுகும். நம் உடலும் இவ்வாறே அமைந்துள்ளது.

இதயம் அனுப்பும் இரத்தம் தமனிகள் வழியே ஓடி, மயிரிழையினும் நுண்ணிய தந்துகிகளை அடைகிறது. தந்துகியின் சுவர் மிக மெல்லியது. இரத்தத்தின் அழுத்தத்தால் அச்சுவரின் வழியே நீரும், உப்புகளும், ஊட்டப் பொருள்களும், சிறிதளவு புரதமும் வெளியே கசிகின்றன. இந்தக் கசிவு ஒரு குறை அன்று. இதனால்தான் தசை, தோல், எலும்பு என ஒவ்வொரு திசுவின் உயிரணுக்களும் உணவு பெறுகின்றன. ஆனால் கசிந்த நீர் அங்கேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? உடல் முழுவதும் ஊதிப்போகும், இரத்தமோ வற்றிப்போகும்.

நெடுங்காலமாகப் பாடநூல்கள் இதற்கு ஒரு விளக்கம் கூறி வந்தன. கசிந்த நீரில் பெரும்பகுதி தந்துகியின் மறுமுனையிலேயே மீண்டும் உறிஞ்சப்படுகிறது. எஞ்சிய சுமார் 3 லிட்டரை மட்டுமே நிணநாளங்கள் நாள்தோறும் எடுத்துச் செல்கின்றன என்பது அவ்விளக்கம். அண்மைக்கால ஆய்வுகள் இதைத் திருத்தியுள்ளன. பெரும்பாலான உறுப்புகளில் கசிந்த நீர் தந்துகிக்குள் நேராகத் திரும்புவதில்லை. ஏறத்தாழ முழுவதையுமே நிணநாளங்கள்தாம் அள்ளிக்கொள்கின்றன. நாளொன்றுக்கு 8 லிட்டர் அளவுக்கு நிணநீர் உண்டாகிறது எனவும், அதில் பாதியளவு நிண முடிச்சுகளிலேயே இரத்தத்தில் கலந்துவிடுகிறது எனவும் இன்று கணிக்கின்றனர். நம் உடலில் உள்ள இரத்தத்தின் நீர்ப்பகுதி மொத்தமே சுமார் 3 லிட்டர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வடிகால்கள் சுமக்கும் வேலையின் அளவு விளங்கும்.

கதவு வைத்த நாளங்கள்

இரத்த ஓட்டம் ஒரு வட்டம். இதயத்தில் தொடங்கி இதயத்திலேயே முடிவது. நிணநீர் ஓட்டமோ ஒருவழிப் பாதை. திசுக்களின் நடுவே, ஒரு முனை மூடிய கையுறை விரல்போல நிணத் தந்துகிகள் தொடங்குகின்றன. இவற்றின் சுவரில் உள்ள உயிரணுக்கள் கூரை ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி அமைந்திருக்கின்றன. அவற்றின் ஓரங்கள் ஆங்காங்கே மட்டும் பொத்தான் போட்டதுபோலப் பொருந்தியுள்ளன. இரு பொத்தான்களுக்கு இடையே உள்ள மடிப்பு, உள்நோக்கி மட்டும் திறக்கும் கதவாகச் செயல்படுகிறது. வெளியே நீர் மிகுந்தால் கதவு திறக்கும். உள்ளே நீர் நிறைந்தால் தானே மூடிக்கொள்ளும்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. திசு வீங்கும்போது சுற்றியுள்ள அழுத்தத்தால் இந்த மெல்லிய குழாய் நசுங்கிவிடாதா என்று கேட்கலாம். நசுங்குவதில்லை. குழாயின் சுவரிலிருந்து நுண்ணிய நார்கள் சுற்றியுள்ள திசுவில் நங்கூரம் பாய்ச்சியதுபோல் ஊன்றியிருக்கின்றன. திசு வீங்கி விரியும்போது அந்நார்கள் சுவரை வெளிப்புறமாக இழுக்கின்றன. தேவை மிகும்போது கதவு அகலத் திறக்கிறது.

இரத்தத் தந்துகிக்குள் மீண்டும் நுழைய இயலாத பெரிய பொருள்கள் யாவும் இந்தக் கதவின் வழியே செல்கின்றன. கசிந்த புரதங்கள், இறந்த உயிரணுக்களின் சிதைவுகள், காயத்தின் வழியே புகுந்த கிருமிகள் ஆகிய யாவும் அவற்றுள் அடங்கும். வேறு வழி அவற்றுக்கு இல்லை. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைப் பற்றிய கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

இதயம் இல்லாத ஓட்டம்

நிணநீரை உந்தித் தள்ள இதயம் போன்ற தனி உறுப்பு எதுவும் நமக்கு இல்லை. பாதத்திலிருந்து கழுத்துவரை மேல்நோக்கி அது எவ்வாறு ஏறுகிறது?

சிறு நாளங்கள் இணைந்து பெரிய நாளங்களாகும்போது அவற்றுள் சில மில்லிமீட்டர் இடைவெளிக்கு ஒன்றாக வால்வுகள் அமைந்திருக்கின்றன. இரு வால்வுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியின் சுவரிலும் தசை உண்டு. அப்பகுதி நிறைந்ததும் தானே சுருங்கி, நீரை அடுத்த பகுதிக்குத் தள்ளுகிறது. அது நிறைந்து அடுத்ததற்குத் தள்ளுகிறது. ஏற்றத்தில் வரிசையாக நிற்பவர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் குடத்தை மேலே அனுப்புவதைப் போன்றது இது. நிமிடத்துக்குச் சில முறை மட்டுமே நிகழும் மெதுவான துடிப்பு.

இத்துடிப்புக்கு நாமும் துணை செய்கிறோம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி நாளங்களைப் பிழிகிறது. ஆழ்ந்து மூச்சு இழுக்கும்போது நெஞ்சறையில் அழுத்தம் குறைந்து, கீழிருந்து நீர் மேலே ஈர்க்கப்படுகிறது. நெடுநேரம் காலைத் தொங்கவிட்டுப் பேருந்திலோ விமானத்திலோ அமர்ந்திருந்தால் பாதம் கனப்பதற்கு, இந்தப் பிழிதல் நின்றுபோவதும் ஒரு காரணம்.

இரு கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வரும் நிணநீர், முதுகெலும்பை ஒட்டி மேலேறும் மார்பு நாளத்தில் சேர்கிறது. ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்நாளம், இடக்கையின் நீரையும் தலை, மார்பு ஆகியவற்றின் இடப்பக்கத்து நீரையும் சேர்த்துக்கொண்டு, இடப்பக்கக் காறை எலும்பின் பின்னே பெரிய சிரையில் கலக்கிறது. வலக்கை, வலப்பக்க மார்பு, தலையின் வலப்பக்கம் ஆகியவற்றின் நீர் மட்டும் வலப்புறம் உள்ள ஒரு சிறு நாளத்தின் வழியே கலக்கிறது. மலைச்சரிவுகளின் நீரையெல்லாம் திரட்டிக்கொண்டு வரும் சின்னாறு ஒகேனக்கல்லில் காவிரியோடு கலப்பதை நம் மாவட்டத்தார் அறிவர். உடலுக்குள்ளும் அத்தகைய கூடுதுறை ஒன்று இருக்கிறது.

காவல் சாவடிகள்

இவ்வளவு கழிவையும் கிருமியையும் நேராக இரத்தத்தில் கொட்டினால் ஆபத்தல்லவா? அதற்காகவே வழியெங்கும் நிண முடிச்சுகள் அமைந்துள்ளன. மொச்சைக் கொட்டை வடிவில் உடல் முழுவதும் சுமார் 600 முடிச்சுகள் இருக்கின்றன. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் அவை கூட்டமாக உள்ளன. நிணநீர் இவற்றின் வழியே மெல்ல வடிந்து செல்லும்போது, உள்ளே காத்திருக்கும் வெள்ளையணுக்கள் வந்தவை யாவை என்று சோதிக்கின்றன. பகையைக் கண்டதும் எதிர்ப்புப் பொருள்களை உருவாக்குகின்றன. காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது இதனால்தான். அங்கே ஒரு போர் நடக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

நிணநாளங்கள் செய்யும் மூன்றாவது வேலை, உணவில் உள்ள கொழுப்பைச் சுமப்பது. நாம் உண்ணும் நெய்யும் எண்ணெயும் குடலில் செரித்தபின் இரத்தத்துக்குள் நேரே செல்வதில்லை. குடற்சுவரின் நிணநாளங்களுக்குள் சென்று, அவற்றைப் பால்போல் வெண்மையாக்குகின்றன. இந்த வெண்மையால்தான் இவ்வமைப்பே உலகின் கண்ணில் தெளிவாகப் பட்டது. 1622-ஆம் ஆண்டு இத்தாலிய மருத்துவர் காஸ்பாரே அசெல்லி, சற்று முன் உணவு உண்டிருந்த ஒரு நாயின் வயிற்றை ஆராய்ந்தபோது வெண்ணிற இழைகளைக் கண்டு, நரம்புகள் என முதலில் எண்ணினார். ஒன்றைக் கீறியதும் பால் போன்ற நீர் வெளிப்பட்டது. பின்னர் 1651-இல் பிரான்சின் பெக்கே மார்பு நாளத்தை விவரித்தார். அதையடுத்து டென்மார்க்கின் பார்த்தோலினும் சுவீடனின் ருட்பெக்கும் உடல் முழுவதும் இந்நாளங்கள் பரவியிருப்பதைக் காட்டினர். மூளையின் உறைகளிலும் இவை உண்டு என்று ஆய்வாளர்கள் உறுதி செய்தது 2015-இல்தான்.

வடிகாலைக் கெடுக்கும் புழு

யானைக்கால் நோய் நம் நாட்டுக்குப் பழையது. பண்டைக் கிரேக்கர்கள் யானையின் பெயரால் அழைத்தது தொழுநோயை. இப்னு சீனா உள்ளிட்ட அரபு மொழி மருத்துவர்களோ கால் வீக்கத்தையே 'தாவுல் ஃபீல்', அதாவது யானை நோய், என்று குறித்தனர். இரு மரபு நூல்களும் இலத்தீனில் கலந்தபோது பெயர்கள் குழம்பி, இரு வேறு நோய்கள் ஒரே பெயரைச் சுமந்தன.

இதன் காரணம் 19-ஆம் நூற்றாண்டில்தான் விளங்கியது. 1872-இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் மனித இரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டார். 1877-இல் சீனாவின் அமாய் நகரில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன், அவை கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். நம் நாட்டில் இதைப் பரப்புவது பெரும்பாலும் சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகும் குலெக்ஸ் கொசு. முதிர்ந்த புழு வாழும் இடம் நிணநாளம். பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பல ஆண்டுகள் அங்கேயே உயிர் வாழும்.

புழு நாளத்தை அடைத்துவிடுவதால் கால் வீங்குகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை சற்று வேறானது. புழு தங்கியுள்ள நாளம் தளர்ந்து விரிகிறது. விரிந்ததும் வால்வுகளின் இரு இதழ்களும் ஒன்றையொன்று தொட இயலாமற் போகின்றன. மேலே ஏறிய நீர் மீண்டும் கீழே இறங்குகிறது. தேங்கிய நீரில் புரதம் மிகுதி; அது கிருமிகளுக்கு விருந்து. விரல் இடுக்கில் உள்ள சேற்றுப்புண்ணின் வழியாகவோ பித்தவெடிப்பின் வழியாகவோ கிருமி உள்ளே புகும்போது, நடுக்கத்துடன் காய்ச்சலும் காலில் சிவந்த வலியும் வருகின்றன. ஒவ்வொரு காய்ச்சலும் எஞ்சிய நாளங்களில் சிலவற்றைப் பாழாக்கிச் செல்கிறது. தோல் தடித்து யானைத் தோல்போல் ஆவது, திரும்பத் திரும்ப வரும் இக்காய்ச்சலால்தான்.

தமிழகத்தில் கடலோர மாவட்டங்களிலும், நமக்கு அண்டையிலுள்ள திருவண்ணாமலை, வேலூர் பகுதிகளிலும் இந்நோய் நெடுங்காலம் இருந்து வந்தது. 1955-இல் தேசிய யானைக்கால் தடுப்புத் திட்டம் தொடங்கியது. நோய் பரவிய பகுதிகளில் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை வழங்கும் முறை பின்னர் வந்தது. இலங்கையும் மாலத்தீவும் இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து அகற்றிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவித்தது. இந்தியா 2027-ஐ இலக்காகக் கொண்டுள்ளது. மாத்திரை கொடுக்க வருபவரிடம், "எனக்கு நோய் இல்லையே" என்று மறுப்பவர்கள் உண்டு. அறிகுறி எதுவும் இல்லாதவரின் இரத்தத்திலும் நுண்புழு இருக்கக்கூடும். அவரைக் கடித்த கொசு அடுத்தவருக்கு அதைக் கொண்டு செல்லும்.

யானைக்கால் நோயாளியின் காலைத் தொட்டாலும், அவருடன் ஒரே தட்டில் உண்டாலும் நோய் வராது. கொசுவின்றி அது பரவுவதே இல்லை.

சகோதரியின் கை

நமக்கு எழுதிய சகோதரியின் கையில் புழுவும் இல்லை. கொசுவுக்கும் அதற்கும் தொடர்பும் இல்லை. மார்பகப் புற்று முதலில் பரவும் வழி நிணநாளங்களே ஆதலால், அறுவையின்போது அக்குளின் நிண முடிச்சுகளை அகற்ற நேரிடுகிறது. கையின் நீர் வடியும் வழியும் அதுவே. உயிரைக் காப்பதற்காகச் சாவடியை அகற்றும்போது சாலையும் சிறிது சேதமடைகிறது. அக்குள் முடிச்சுகள் பெருமளவு அகற்றப்பட்ட பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பின்னாளில் கை வீங்குவதாக ஆய்வுகள் கூறுகின்றன. முதலாவது முடிச்சை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையில் இது வெகுவாகக் குறைகிறது. வீக்கம் உடனேயும் தோன்றலாம். சில ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம்.

ஆகவே இது ஒரு வடிகாலின் பழுது. பழுது தொற்றுமா? அந்தச் சகோதரி சமைக்கலாம், பரிமாறலாம், பேரக் குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம். தனித் தட்டு அவருக்குத் தேவையில்லை.

நீர் பிரியும் மாத்திரை இதற்கு மருந்தன்று. அது சிறுநீரகத்தின் வழியே நீரை வெளியேற்றும். திசுவில் தேங்கிய புரதத்தை அதனால் அகற்ற இயலாது. தங்கிய புரதம் மீண்டும் நீரை இழுத்துக்கொள்ளும். மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடர்ந்து விழுங்கினால் உடலின் உப்புச் சத்துதான் கெடும்.

நம் கையில் இருப்பவை

முழுக் குணம் அரிதென்றாலும், வீக்கத்தைக் குறைக்கவும் காய்ச்சலைத் தடுக்கவும் இயலும். இதற்கு வேண்டிய பொருள்கள் சோப்பும், நீரும், துண்டும், பொறுமையும்.

வீங்கிய கால் அல்லது கையை நாள்தோறும் சோப்பிட்டு மென்மையாகக் கழுவ வேண்டும். கழுவுவதைவிடத் துடைப்பது முக்கியம். ஒளுச் செய்யும் வழக்கத்தால் நம் பாதங்கள் நாளில் பலமுறை கழுவப்படுகின்றன, நல்லதே. ஆனால் ஈரத்தோடு அப்படியே விட்டால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் தோன்றும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடுக்கையும் மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்துங்கள். சேற்றுப்புண் இருந்தால் உரிய களிம்பு இடுங்கள்.

வெறுங்காலுடன் கொல்லைக்கும் காட்டுக்கும் செல்லாதீர்கள். படுக்கும்போது தலையணை வைத்துக் காலை உயர்த்துங்கள். அமர்ந்த நிலையிலேயே கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். கை வீங்கியவர்கள் பாத்திரம் துலக்கும்போதும் முள்செடி வேலையின்போதும் கையுறை அணிவது நலம். கையை அசைக்கவே கூடாது என்று முடக்கி வைப்பது தவறு; படிப்படியாகச் செய்யும் பயிற்சி வீக்கத்தை மிகுவிப்பதில்லை எனத் தெளிவாகியுள்ளது. அழுத்தக் கட்டும், அழுத்த உறையும் பெரிதும் பயன் தரும். அவற்றைக் கட்டும் முறையைப் பயிற்சி பெற்றவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள இன்ஸ்டிடியூட் ஆஃப் அப்ளைட் டெர்மடாலஜி, தோல் பராமரிப்பு, அழுத்தக் கட்டு, யோகப் பயிற்சி, ஆயுர்வேதம் ஆகியவற்றை இணைத்து, நோயாளி வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க ஒரு முறையை வகுத்து நடத்தி வருகிறது. யானைக்கால் நோயாளிகளுக்குத் தொட்டி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பராமரிப்புப் பெட்டி அரசுத் திட்டத்தில் வழங்கப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறுங்கள்.

எப்போது விரைய வேண்டும்?

எல்லா வீக்கமும் நிண வீக்கம் ஆகாது. இரு கால்களும் ஒருசேர வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வலியுடன் வீங்கினால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நம் மாவட்டத்தில் ஃபுளோரைடு மிகுந்த நீரால் எலும்பும் மூட்டும் கெட்டுக் கால் வளைவது வேறு நோய். 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது.

வீங்கிய கையிலோ காலிலோ சிவப்பும் காய்ச்சலும் தோன்றினால் காத்திருக்காதீர்கள். பத்துப் போடுவதும், கீறி நீர் எடுப்பதும், சுடுவதும் கேடு விளைவிக்கும். கிருமிக்கொல்லி மருந்து உடனே தேவைப்படும்.

கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டி, சில வாரங்களாகியும் கரையாமல் வளர்ந்தால், வலி இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். வலியில்லாத கட்டியே அதிகக் கவனத்துக்குரியது. நம் முன்னோர் கண்டமாலை என்று அழைத்த காசநோய்க் கட்டியாகவும் அது இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இன்று சிகிச்சை உண்டு; காலத்தோடு சென்றால் பலன் மிகுதி.

பெண்கள் வீங்கிய காலைப் புடவைக்குள்ளும், வீங்கிய கையை முந்தானைக்குள்ளும் மறைத்துக்கொண்டு ஆண்டுகளைக் கழிக்கின்றனர். மகளின் திருமணப் பேச்சு தடைப்படுமோ என்ற அச்சம் அவர்களுக்கு. முதல் வீக்கத்தில் எளிதாகக் குறைந்திருக்கக்கூடிய நோய், அந்த மறைப்பினால்தான் தோல் தடிக்கும் நிலையை அடைகிறது. வீட்டில் எவருக்கேனும் வளையலோ மோதிரமோ செருப்போ ஒரு பக்கம் மட்டும் இறுகுவதாகத் தெரிந்தால், நீங்களே முன்வந்து விசாரியுங்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள்.